ஏரிச் சங்கத்துப் பிரசிடெண்ட்

புதுவாயல் கூட்டுரோட்டில் நின்று "பிரசிடெண்ட்" என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஒருவர், வாலிபால் கிளப்புக்கு ஒருவர், சீசன் டிக்கெட்டில் போய் வருகிறவர்கள் சங்கத்துக்கு ஒருவர், வியாபாரிகளுக்கு ஒருவர் என்று அந்தப் பக்கத்தில் பிரசிடெண்டுகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் முன்னாலும் பின்னாலும் எதுவும் சேர்க்காமல் "பிரசிடெண்ட் வந்தாரா?" என்று கேட்டால் அது ராஜமாணிக்கம் ஒருவரைத்தான். இரண்டு தடவை ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தவர். நடுவில் ஒரு தடவை அந்தப் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மனைவி நின்று ஜெயித்தாள். கையெழுத்து அவளுக்கு, பட்டம் வழக்கம்போல இவருக்கு. பிறகு பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தலும் தள்ளிப்போய், தனி அலுவலர் வந்து உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் "முன்னாள்" என்ற வார்த்தையை அவர் காதுபடச் சொல்ல ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

பூவம்மாளுக்கு அந்தப் பட்டத்தைக் கேட்டாலே வயிறு எரியும். அதற்குக் காரணம் இருந்தது.

அவளுக்கும் அவள் கணவன் மணவாளனுக்கும் ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நன்செய். ஹைவேக்கும் ஏரிக்கும் நடுவில் ஒரு கெமிக்கல் கம்பெனி வந்தபோது யாரும் தடுக்கவில்லை. பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்றார்கள். கம்பெனியிலிருந்து பாசன வாய்க்காலுக்கு ஒரு குழாயை இறக்கியபோதுதான் ஏரிப் பாசனக்காரர்கள் கூடிக் கேட்டார்கள். பிரசிடெண்ட் வரப்பின்மேல் நின்று, மழைத்தண்ணி மட்டுந்தான் வரும், பிரசிடெண்ட் சொல்கிறேன், நம்பிப் போங்கள் என்றார். நம்பிப் போனார்கள். மழையே பெய்யாத மாசியில் குழாயிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் வந்தது. நட்ட நாற்று வேர் கறுத்துச் செத்தது.

மணவாளன் கோபக்காரன். தனியாகப் போய்க் கம்பெனி கேட்டில் நின்று கத்தினான். பிரசிடெண்ட் ஒரு போன் போட்டார், அவ்வளவுதான். ஸ்டேஷனில் மணவாளனை ஜட்டியோடு ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். ஊர் பஸ் அந்த வழியாகத்தான் போகும். சாயங்காலம் பிரசிடெண்டே வந்து, நம்ம ஆள்தான், விட்டுவிடுங்கள் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லி, "கெளம்பறதுக்கு முன்னாடி பிரசிடெண்ட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போப்பா" என்றார். ஜட்டியோடு நின்றபடியே மணவாளன் கும்பிட்டான்.

அதற்குப் பிறகு அவன் பழைய மணவாளன் இல்லை. அத்திப்பட்டில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டான். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவான். வந்தால் வாசல் தாண்ட மாட்டான். யாராவது வந்து கூப்பிட்டால், இல்லையென்று சொல்லிவிடு என்று கையைக் காட்டிவிட்டு உள்ளறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். இருபது வருஷம் வரப்பில் கைவீசி நடந்த மனுஷன் இப்படிக் கதவுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பூவம்மாளுக்கு ரத்தம் கொதிக்கும். அந்த ஆளை அடிக்க வேண்டும், கொளுத்த வேண்டும் என்றெல்லாம் அவள் நினைத்ததில்லை. எந்த வாய் கும்பிடு கேட்டதோ அந்த வாயே, நாலு பேர் முன்னால், "நான் பிரசிடெண்ட் இல்லை" என்று சொல்ல வேண்டும். அதைத் தன் காதால் கேட்காமல் சாகக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள்.

வழி தெரிந்தது மொஹசின் கடையில். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பையன், கூட்டுரோட்டில் பிளெக்ஸ் கடை வைத்திருந்தான். நாத்தனார் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு பேனர் அடிக்கப் பூவம்மாள் போயிருந்தாள். பெண்ணின் படத்தைக் கொடுத்தாள். அவன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே மேலே இடது மூலையில் கும்பிட்ட கையோடு ராஜமாணிக்கத்தைக் கொண்டுவந்து வைத்தான். இந்த ஆள் எதற்கு என்று கேட்டாள்.

"அது அப்டித்தான்க்கா. அவரு ஸ்டாண்டிங் ஆர்டர். இந்தப் பக்கத்துல பொறந்தாலும் செத்தாலும், எது அடிச்சாலும் அவரு போட்டோ இருக்கணும். என்னை கேக்கவே வேணாம் பாய், போட்டுக்கினே இருன்னு சொல்லிட்டாரு" என்றான் மொஹசின்.

அஞ்சலி பேனரில் செத்தவனைவிட அவர் படம் பெரிதாக விழுந்து, செத்தவன் மகன் வந்து சண்டை போட்ட கதையையும் சொன்னான். தங்கள் ஜமாத்துக்கும் ஒரு பிரசிடெண்ட் இருக்கிறார், அவர் முகம் எப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரித்தான். ராஜமாணிக்கத்தின் பெயருக்குக் கீழே போடுகிற பட்டங்களும் வர வர நீண்டுகொண்டே போயின. ஊராட்சி போனதிலிருந்து மனிதர் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். கோயில் விழாக் குழுத் தலைவர், ஆட்டோ ஸ்டாண்ட் கௌரவத் தலைவர், அந்தக் கெமிக்கல் கம்பெனித் தொழிலாளர் சங்கத்துக்கும் தலைவர். கம்பெனிக்குள் ஒருநாள்கூட வேலை பார்த்தவர் இல்லை. கம்பெனியே பார்த்து வைத்த சங்கம், கம்பெனியே பார்த்து வைத்த தலைவர். பதிலுக்கு அவர் மகன் லாரிகள் கம்பெனியில் ஓடின.

பேனரைச் சுருட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்கும்போதே பூவம்மாள் மனசுக்குள் முடிச்சுப் போட்டுவிட்டாள்.

அந்த வாரமே ஏரிப் பாசனக்காரர்களைக் கூப்பிட்டு ஒரு சங்கம் வைப்போம் என்றாள். சங்கம் சரி, யார் தலைவர் என்றதும் எல்லாரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். மணவாளன் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்திருந்ததை எல்லாருமே பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள். அப்போது பூவம்மாள், ராஜமாணிக்கத்தையே தலைவராகப் போடுவோம் என்றாள். இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். எபினேசர் என்ற பெரியவர், குடும்பத்தோடு மதம் மாறினாலும் நிலத்தை மாற்றாதவர், வாய்விட்டே கேட்டார். நரியைக் கூப்பிட்டுக் கோழிக் கூண்டுச் சாவியைக் கொடுப்பதா? அவள் தாம்பாளத்துக்குப் பழம் மட்டும் வாங்கித் தரும்படி கேட்டுக்கொண்டாள்.

சால்வை, பழம், வெற்றிலைபாக்கு என்று முறையோடு போய் நின்றதும் பிரசிடெண்டுக்கு முகம் மலர்ந்தது. ஆனால் அவர் முட்டாள் இல்லை. மணவாளன் பெண்டாட்டி தாம்பாளத்தோடு வருகிறாள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அவருக்கும் பட்டது. கண்ணை இடுக்கிக்கொண்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவர் புத்தி அவருக்கே ஒரு நல்ல காரணத்தைச் சொல்லிக் கொடுத்தது. சங்கம் அவர் கையில் இருந்தால் ஒரு பயல் அசைய முடியாது. கம்பெனியிடமும் போய், பாருங்கள், விவசாயிகளையும் என் பாக்கெட்டில் போட்டுவிட்டேன் என்று காட்டலாம்.

"நான் பிரசிடெண்ட்டுன்னா, என்னைக் கேக்காம ஒரு கொடி ஏறக்கூடாது. தெரிஞ்சிக்கினியா?" என்றார்.

"உங்கள உட்டா எங்களுக்கு யாரு இருக்காங்க பிரசிடெண்ட்டே" என்றாள் பூவம்மாள். அதைச் சொல்லும்போது நாக்கு கசந்தது. சொல்லிவிட்டாள்.

மதகுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, மாலை போட்டு, ஏரிப் பாசன விவசாயிகள் சங்கத்தின் பிரசிடெண்டாக அவரை உட்கார வைத்தார்கள். அரைமணி நேரம் பேசினார். விவசாயிதான் முதுகெலும்பு என்றார். பிள்ளைகள் எல்லாம் போனில் பிடித்துக்கொண்டார்கள். பிடிக்கச் சொன்னதே பூவம்மாள்தான். தான் இருக்கும்வரை ஏரித் தண்ணீரில் யாரும் கை வைக்க முடியாது என்று அவர் மார்தட்டியபோது, குழாய் இருபதடி தள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்காமல் இருக்க மைக்கை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள்.

பிறகு பூவம்மாள் ஸ்டேஷனுக்குப் போய், சங்கத்தின் சார்பில் ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கேட்டாள். யார் தலைமை என்றார்கள். பிரசிடெண்ட் ராஜமாணிக்கம் என்றதும் மறுபேச்சு இல்லை, டீ வேண்டுமா என்று கேட்டார்கள். மொஹசினிடம் போனாள். கம்பெனியைக் கண்டித்து மாபெரும் ஆர்ப்பாட்டம் என்று படித்ததும் அவன் கை நின்றது.

"அக்கா, என்ன பேஜார்ல மாட்டி உட்ராதக்கா" என்றான்.

உனக்கு அவர் என்ன ஆர்டர் கொடுத்திருக்கிறார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். மொஹசின் கன்னத்தைத் தடவிக்கொண்டான். அந்த அஞ்சலி பேனர் சண்டையில் செத்தவன் மகனிடம் அடி வாங்கியது அவன்தான், ராஜமாணிக்கம் இல்லை. சிரித்துக்கொண்டே கேட்டான், எந்த சைஸ் என்று. இருப்பதிலேயே பெரிசு என்றாள்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கு எதிரே பேனர் ஏறியது. "தலைமை: பிரசிடெண்ட் ராஜமாணிக்கம்" என்று எழுத்து ஓராள் உயரம். கும்பிட்ட கையோடு அவர் சிரித்தார். கீழே ஏரிப் பாசனக்காரர்கள் அத்தனை பேரும், வீட்டுப் பெண்களும், வேர் கறுத்த நாற்றுக் கட்டுகளோடு நின்றார்கள். பிரசிடெண்டே தலைமை என்ற தைரியத்தில் பயந்தவர்கள்கூட வந்திருந்தார்கள். எபினேசர் மைக்கில் "பிரசிடெண்ட் வாழ்க" என்று கோஷம் கொடுத்தார். ஜனங்கள் வஞ்சனையில்லாமல் கத்தினார்கள்.

கம்பெனியின் பெரிய அதிகாரி அன்று வந்திருந்தார். சென்னையிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிற வைஸ் பிரசிடெண்ட். ஊரைப் பொறுத்தவரை வைஸ் என்பவர் பிரசிடெண்டுக்குப் பின்னால் நாற்காலி தூக்கிக்கொண்டு வருகிறவர். முதல் தடவை அந்தப் பதவியின் பெயரைக் கேட்டபோது ராஜமாணிக்கமும், வைஸ்தானே, நம்மைவிட ஒரு படி கீழே என்று சொல்லிக்கொண்டதாகக் கேள்வி. அப்புறம்தான் தெரிந்தது, அந்த முப்பத்தைந்து வயசுப் பையன் ஒரு வார்த்தை சொன்னால் மகன் லாரிகள் நின்றுவிடும் என்று.

போன் போயிருக்க வேண்டும். ராஜமாணிக்கம் வேட்டியைக்கூட நேராகக் கட்டாமல் புல்லட்டில் வந்து இறங்கினார். பேனரை அண்ணாந்து பார்த்தார். தன் முகத்தைப் பார்த்து அவர் பயந்தது அன்றைக்குத்தான். கூட்டம் வாழ்க வாழ்க என்று வழிவிட்டது. ஒரு கிழவி மாலையைக் கழுத்தில் போட்டாள். அதே மாலையோடு கேட்டுக்குப் போய், உள்ளே நின்ற வைஸ் பிரசிடெண்டை இடுப்பு வளையக் கும்பிட்டார். பூவம்மாள் பின்னாலேயே போய் நின்றாள். ஒரு வார்த்தையையும் தவறவிட அவளுக்கு மனசில்லை.

இதெல்லாம் சும்மா சார், நம்ம ஆட்கள்தான், பத்து நிமிஷத்தில் கலைத்துவிடுகிறேன் என்று அவர் காதோடு சொன்னார்.

அந்தப் பையன் குரலை உயர்த்தவில்லை. "மிஸ்டர் ராஜமாணிக்கம், நீங்க எங்க யூனியன் பிரசிடெண்ட்டா, இல்ல அவங்களுக்கு பிரசிடெண்ட்டா? ஒண்ணு சொல்லுங்க. எங்கிட்ட இல்ல, அவங்ககிட்ட சொல்லுங்க" என்றான்.

ராஜமாணிக்கம் திரும்பினார். எதிரே பூவம்மாள் மைக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் அவருக்கு எல்லாமே விளங்கிவிட்டது. தாம்பாளம், சால்வை, பந்தல், அத்தனையும் இந்த மைக்குக்காகத்தான். அவர் கண்ணில் தெரிந்த பயத்தைப் பார்த்து அவளுக்குக் குளிர்ந்தது, நிஜமாகவே நெஞ்சுக்குள் குளிர்ந்தது. அதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதே இல்லை.

கூட்டத்தைப் பார்த்தால் ஓட்டு. கேட்டைப் பார்த்தால் லாரி. மாலை கழுத்தை அறுத்தது போலும், கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். முணுமுணுவென்று ஏதோ சொன்னார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல பிரசிடெண்ட்டே. மைக்ல சொல்லுங்க" என்றாள் பூவம்மாள்.

"நான் பிரசிடெண்ட் இல்ல" என்றார் ராஜமாணிக்கம். ஒலிபெருக்கி அதை ஹைவே வரைக்கும் கொண்டுபோனது.

 ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்த கம்பெனித் தொழிலாளர்களில் ஒருவன், சங்கத்தில் ஒருநாளும் வாய் திறக்க விடப்படாதவன், அப்படியென்றால் எங்களுக்கும் இல்லையா என்று சத்தமாகக் கேட்டான். எங்கேயோ ஒரு சிரிப்புக் கிளம்பியது. அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பெண்கள் நாற்றுக்கட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் புல்லட்டை உதைத்தார், அதுவும் ஸ்டார்ட் ஆகவில்லை.

சாயங்காலத்துக்குள் அந்த மூன்று வார்த்தை மட்டும் எல்லார் போனிலும் வந்துவிட்டது. லோக்கல் ரயிலில் கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வரைக்கும் பையன்கள் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் போர்டிலிருந்த பெயரைச் சுரண்டினார்கள். கோயில் கமிட்டியில் வேறொருவரைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். டீக்கடையில், இத்தனை நாள் எழுந்து நின்றவர்கள், "வா ராஜமாணிக்கம்" என்று உட்கார்ந்தபடியே சொன்னார்கள். கம்பெனியும் சும்மா விடவில்லை. பேனரில் முகம் இருந்தது இருந்ததுதான் என்று மகனின் லாரிகளை நிறுத்திவிட்டார்கள். யூனியன் ஆபீசுக்குப் போனவரை, கேட்டில் செக்யூரிட்டியே நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டானாம்.

பூவம்மாள் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டாள். இரண்டு நாள் பசியே எடுக்கவில்லை, அவ்வளவு நிறைவு. மூன்றாம் நாள் வயலுக்குப் போனாள். குழாய் அதே துருத்தண்ணீரை அதே வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. வரப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளைக் கவிழ்த்தாயிற்று. தண்ணீருக்கு அது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ராஜமாணிக்கம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தனியாக, நடந்தே வந்திருந்தார். மணவாளன் லீவில் வந்திருந்த நாள். குரலைக் கேட்டதும் வழக்கம்போல உள்ளறைக்குப் போய்விட்டான். பூவம்மாள் உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை.

அவர் சண்டை போட வரவில்லை. கம்பெனிக்காரன் முதுகில் குத்திவிட்டான், இத்தனை வருஷம் அவனுக்காக ஊரைப் பகைத்துக்கொண்டேன், இப்போது போனைக்கூட எடுக்க மாட்டேன் என்கிறான் என்று புலம்பினார். ஊரில் பழையபடி நாலு பேர் மதிக்க ஏதாவது வழி செய்ய வேண்டும், அது நீ சொன்னால்தான் நடக்கும் என்றார். இந்த வாயா இதைக் கேட்கிறது என்று பூவம்மாளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை.

குழாயை அடைக்கச் சொல் என்றாள்.

"நான் எப்டி சொல்றது? நான்தான் இப்ப எதுக்கும் பிரசிடெண்ட் இல்லியே" என்றார் அவர். இந்தத் தடவை யாரும் மைக் நீட்டவில்லை. தானாகவே வந்தது.

"பிரசிடெண்ட் இல்லன்னா இன்னா? கை இருக்குல்ல" என்றாள் பூவம்மாள். சுவரோரம் இருந்த மண்வெட்டியை எடுத்து அவர் காலடியில் போட்டாள். "வா."

அவர் மண்வெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் அவர் மனசிலும் ஒரு தீ மூண்டிருந்தது. கேட்டில் அந்த செக்யூரிட்டி கேட்ட கேள்வி மூட்டிய தீ. குனிந்து எடுத்தார்.

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வரப்பில் நடப்பதைப் பார்த்துத் தெருவே பின்னால் வந்தது. யாரும் எதுவும் சொல்லாமலே யூரியா சாக்குகள் வந்தன. எபினேசர் வீட்டிலிருந்து இரண்டு மண்வெட்டிகள் வந்தன. ராஜமாணிக்கம் முழங்கால் சேற்றில் இறங்கி வெறியோடு களிமண்ணை வெட்டிச் சாக்கில் போட்டார். ஒவ்வொரு வெட்டுக்கும் கம்பெனியை வாய்க்கு வந்தபடி திட்டினார். வயலுக்காக இல்லை, அவர் ரோஷத்துக்காக வெட்டுகிறார் என்று பூவம்மாளுக்குத் தெரியும். வெட்டட்டும் என்று விட்டுவிட்டாள். மொஹசின் போனை எடுத்தபோது அவர் சட்டென்று நிமிர்ந்து, முகத்துச் சேற்றைத் துடைத்து, கேமராவைப் பார்த்தார். மனுஷனுக்குப் பழக்கம் எங்கே போகும்! பூவம்மாள் தலையசைத்தாள். மொஹசின் போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டான்.

நாளைக்கே கம்பெனி ஆட்கள் வந்து பிடுங்குவார்கள், கேஸ் போடுவார்கள், அதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. பிடுங்கினால் மறுபடி அடைப்போம் என்று யாரோ சொன்னார்கள். மூட்டை மேல் மூட்டையாக ஏற ஏறக் குழாயின் வாய் சிறுத்தது. ஓரத்தில் மட்டும் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. மூச்சிரைக்க, போதும் என்பதுபோல ராஜமாணிக்கம் மண்வெட்டியை ஊன்றி நின்றார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பூவம்மாள் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள். வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பட்டப்பகலில் வரப்பின்மேல் வந்து நின்றிருந்தான் மணவாளன்.

"அந்தப் பக்கம் ஒழுவுது ராஜமாணிக்கம்" என்றான் அவன். "இன்னும் ரெண்டு மூட்டை போடு."

ராஜமாணிக்கம் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.